கை கொடுக்காத கட்டை

அன்று மேல்கொட்டாய் நிலத்தில், பட்ட புளியமரத்தடியில் இருந்தவர்கள் ஏழு பேர். தீர்த்தகிரி, அவருடைய அண்ணி சாலம்மாள், மகன் அறிவழகன், மருமகள் ஜெயபிரியா, ஊர்க்கவுண்டர் மாது, பங்காளி பூபதி, கம்பைநல்லூரிலிருந்து மிஷின் ரம்பத்தோடு வந்த அன்பு. எட்டாவதாக ஒருவர் இல்லை. கண்ணால் பார்த்தேன் என்று இன்றைக்குச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் எல்லாம், மரம் விழுந்த சத்தம் கேட்டுப் பிறகு ஓடிவந்தவர்கள். அவர்கள் பார்த்தது தரையில் கிடந்த மரத்தை. நின்ற மரத்தையும் நின்ற மனிதர்களையும் பார்த்தவர்கள் இந்த ஏழு பேர்தான்.

ஆடி மாதம், மூன்றாவது புதன்கிழமை, காலை ஏழு மணி. வெள்ளிக்கிழமை விடியும்போது மாரியம்மன் கோயில் தீக்குழிக்கு முதல் கட்டை போக வேண்டும். அந்த முதல் கட்டையைக் கொடுக்கிற உரிமை தீர்த்தகிரியின் வீட்டுக்கு உரியது. யார் கொடுத்த உரிமை, எப்போது கொடுத்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த வீட்டுக் கட்டை குழியில் இறங்காமல் மற்ற வீட்டுக் கட்டை இறங்கியதில்லை. இது மட்டும் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

கட்டைக்கு முறை உண்டு. சொந்த நிலத்து மரமாக இருக்க வேண்டும். தானாகப் பட்ட மரமாக இருக்க வேண்டும். அதாவது, பச்சை மரத்தில் கோடாலி படக்கூடாது. மூன்றாவது முறை ஒன்று உண்டு, அதுதான் இந்தக் கதை. மரத்தைச் சாய்க்கும் கடைசி அடியை அந்த வீட்டின் மூத்த ஆண் அடிக்க வேண்டும். அடித்ததும் கோடாலியைப் போட்டுவிட்டு, இடது உள்ளங்கையை மரத்தின் மேல் வைத்து நிற்க வேண்டும். மரம் தானாகக் கையை விட்டுப் போகலாம். கை மரத்தை விட்டு வரக்கூடாது. இதற்குக் கை கொடுப்பது என்று பெயர். கை கொடுத்த கட்டை அம்மனுக்குப் போகும். கை கொடுக்காத கட்டை வெறும் விறகு, அடுப்புக்குப் போகும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் தீர்த்தகிரியின் அண்ணன் காளியன் இப்படித்தான் ஒரு பட்ட வாகை மரத்துக்குக் கை கொடுத்து நின்றார். மரம் சாயத் தொடங்கியது. மேலே, தொடை பருமனுள்ள காய்ந்த கிளை ஒன்று மரத்தோடு சாயாமல் தனியாகக் கழன்று நேராக இறங்கியது. அரூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே காளியன் போய்விட்டார். கட்டை மட்டும் நேரத்துக்குக் குழிக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு கோயில் சண்டை, திருப்பணி, நோய்க்காலம் என்று ஒன்று மாற்றி ஒன்று வந்து திருவிழா நின்றே போனது. இந்த வருடம்தான் மறுபடியும் குழி வெட்டினார்கள்.

திருவிழா நின்றதே தவிர பேச்சு நிற்கவில்லை. கையெடுக்காத மனுசன் என்று காளியனுக்கு ஊர் பேர் வைத்தது. இந்த வருடத் திருவிழா நோட்டீஸில் அவர் படத்தைப் போட்டு, அதற்குக் கீழே அந்தப் பேரையே அச்சடித்திருந்தார்கள். சாலம்மாள் அந்த நோட்டீஸை வாங்கி, படத்தை ஒருமுறை பார்த்து, நான்காக மடித்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

தீர்த்தகிரிக்கு இப்போது அறுபத்தாறு வயது. முதுகு வளையாத ஆள். நிலத்தில் களை எடுக்கும்போதுகூட உட்கார்ந்துதான் எடுப்பார், குனிய மாட்டார் என்று ஊரில் கேலி செய்வார்கள். அண்ணன் போன பிறகு வீட்டுக்கு மூத்த ஆண் அவர்தான். கை கொடுக்க வேண்டியவரும் அவர்தான்.

அறுக்க அரை மணி நேரம் ஆகிற மரத்துக்கு அவர் மூன்று நாள் எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். பட்டு இரண்டு வருடமான மரம். பட்டை பாதிக்கு மேல் உரிந்துவிட்டது. மேற்குப் பக்க அடியில் காளான் பூத்திருந்தது. கோடாலியின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டினார். கிழக்கில் கெட்டிச் சத்தம். மேற்கில் ஒரு முழ அகலத்துக்குப் பானையைத் தட்டினாற்போல் கேட்டது. உள்ளே பொக்கை. ஓங்கித் தட்டவில்லை. பட்ட மரத்தை ஓங்கி அடித்தால் அதிர்வு மேலே ஏறும், மேலே இருப்பது கீழே இறங்கும். அந்தப் பாடத்துக்கு அந்த வீடு ஏற்கெனவே விலை கொடுத்திருந்தது.

மேலே முறிந்த கிளைகள் இரண்டு மற்றக் கிளைகளில் மாட்டிக்கொண்டு தொங்கின. யாரையும் மரத்தில் ஏற விடவில்லை. மூங்கிலோடு மூங்கிலைக் கட்டித் தொரட்டி செய்து, அவரும் அறிவழகனும் எட்டி நின்று ஒன்றை இழுத்துப் போட்டார்கள். மற்றது வரவில்லை. அது தெற்குப் பக்கம் தொங்கியது. அப்படியானால் தெற்கே யாரும் நிற்கக்கூடாது என்று அப்போதே முடிவு செய்தார்.

திங்கட்கிழமை அடியைச் சுத்தம் செய்தார். உண்ணிச் செடியை வெட்டி, கல்லைப் பொறுக்கி, பழைய முள்கம்பியைச் சுருட்டி அப்புறம் போட்டார். மரம் கிழக்கே விழ வேண்டும். அதற்காக நேர் மேற்கே ஒதுங்க முடியாது. அடிமரம் பின்னால் எகிறினால் அங்கேதான் வரும். தெற்கே தொங்கு கிளை. ஆகவே வடமேற்காக இருபத்தைந்து அடி நீளத்துக்கு ஒரு பாதை வெட்டி, அதைத் துடைப்பத்தால் பெருக்கினார். மரம் நாற்பது அடி. எண்பது அடி தள்ளிச் சுற்றிலும் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டார்.

வரப்பில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பூபதிக்கு அன்றைக்குத் தீபாவளி.

"என்னா அண்ணா, கபடி கோர்ட்டா?"

தீர்த்தகிரி சுண்ணாம்புக் கூடையை வரப்பில் கவிழ்த்துத் தட்டினார்.

"அந்தாண்ட ஒரு ரோடு வேற போட்டிருக்கீங்க. ஓடறதுக்கா? தார் ஊத்தலியா?"

"நடக்கறதுக்குப் பூபதி. ஓடறவன் கால் தடுக்கி விழுவான். பாதை இருந்தா நடந்தாப் போதும்."

"நம்ம வூட்டு ஆளுங்க மரத்த விட்டு நடந்து போனதா நான் கேட்டதே இல்லீங்க அண்ணா."

"இப்ப கேட்டுக்க."

அப்போதே பூபதிக்கு விஷயம் புரிந்துவிட்டது. பூபதி பங்காளி வீட்டுப் பிள்ளை. முதல் கட்டை உரிமை ஒரு வீட்டிலிருந்து நழுவினால் அடுத்ததாகப் போய் நிற்பது அவன் வாசலில்தான். அன்று மாலையே ஊர்க்கவுண்டரிடம் இருந்து ஆள் வந்தது. வெள்ளிக்கிழமை விடியலுக்குள் முறைப்படி கட்டை வரவில்லை என்றால் பூபதியின் டிராக்டர் முன்னால் வரும் என்று செய்தி.

செவ்வாய்க்கிழமை அன்பு ரம்பத்தோடு வந்துவிட்டான். ஆனால் ஆடிக்காற்று விடவில்லை. பட்ட மரத்தின் நுனி காற்றில் கிறீச் கிறீச்சென்று உராய்ந்தது. தீர்த்தகிரி அரைமணி நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, ரம்பத்தைக் கீழே வைக்கச் சொன்னார். அன்று முழுவதும் ஒரு கிளைகூட அறுபடவில்லை. சாயந்திரம் டீக்கடையில் அந்த வீட்டு ஆண்மையைப் பற்றி நிறையப் பேசினார்கள். பேசியவர்கள் பெயர் தீர்த்தகிரிக்குத் தெரியும். இங்கே எழுதி அவர்களுக்குப் பெருமை சேர்க்க வேண்டியதில்லை.

புதன்கிழமை காலை காற்று அடங்கியிருந்தது. பக்கத்துத் தோட்டத்துத் தென்னை மட்டைகூட அசையவில்லை. ஒன்பது மணிக்கு மேல் மறுபடி எழும்பும். அதற்குள் முடிக்க வேண்டும். அந்த நிலத்தில் செல்போனுக்குச் சிக்னல் கிடைப்பது மோட்டார் கொட்டகை அருகில் மட்டும்தான். ஜெயபிரியா அங்கே போய் நின்றாள். அவசரத்துக்கு வேண்டுமென்று வண்டியை ரோட்டைப் பார்த்துத் திருப்பி நிறுத்தியிருந்தாள். கட்டட வேலை செய்யும் தன் அண்ணனிடம் இருந்து மஞ்சள் தலைக்கவசம் மூன்று வாங்கி வந்திருந்தாள்.

"பைக் ஹெல்மெட்டே இருக்குதே" என்றான் அறிவழகன்.

"அது காத அடைக்கும்" என்றார் தீர்த்தகிரி. "மரம் முறியற சத்தம் காதுல விழணும்."

மஞ்சள் தொப்பியை அவர் தலையில் வைத்தபோது பூபதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "எங்கண்ணன் கொத்தனார் வேலைக்குக் கெளம்பிட்டாரு."

சாலம்மாளை யாரும் கூப்பிடவில்லை. அவளாகவே வந்தாள். காளியன் போன நாளுக்குப் பிறகு அவள் மரம் அறுக்கும் இடத்துக்கு வந்தது அன்றுதான். வந்து, சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளே, ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தாள்.

ஊர்க்கவுண்டர் மாதுவும் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார். எழுபத்தைந்து வயது. வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நேராக அடிமரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"மாமா, கோட்டுக்கு அந்தாண்ட நில்லுங்க."

"நானா?"

"நீங்கதான். எல்லாரும்தான்."

"கை வெக்கறத ஊர்க்கவுண்டன் பக்கத்துல நின்னு பாக்கணும் மாப்ள. எங்கப்பா பாத்தாரு, நான் பாத்தன். அவ்ளோ தூரத்துல நின்னா எனக்கு என்னா தெரியும்? ஏற்கெனவே ஒரு கண்ணு புரை."

"பாக்கறதுக்கு ஒன்னும் இல்லீங்க மாமா. நான் கை வெக்கப் போறதில்ல."

மாது வேட்டியைக் கீழே விட்டார். பூபதி சிரிப்பை நிறுத்திவிட்டான். அவன் கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது.

"யோசிச்சுத்தான் பேசறியா?" என்றார் மாது. "கை வெக்காம சாய்ச்சா அது வெறகு. உனக்கே தெரியும்."

"மேல ஒரு கிளை தொங்குது. உள்ள பொக்கை. இந்த மரம் எப்படிப் போவும்னு எனக்கும் தெரியாது, அன்புக்கும் தெரியாது. அடிச்சதும் ஒதுங்கிருவன்."

"உங்கண்ணன் ஒதுங்கல. மேலருந்து சாவு எறங்கி வரும்போதும் கையெடுக்கல. அப்பேர்ப்பட்ட ஆளுகூடப் பொறந்துட்டு நீ இப்படிப் பேசற."

இந்த இடத்தில் தீர்த்தகிரி பேசாமல் இருந்திருக்கலாம். பன்னிரண்டு வருடமாக அப்படித்தான் இருந்தார். அண்ணனைப் பற்றி யார் பெருமையாகப் பேசினாலும் தலையை ஆட்டிக்கொண்டு நிற்பார். அன்று ஏனோ தலை ஆடவில்லை.

"எங்கண்ணன் மேல பாக்கவே இல்லீங்க மாமா. கையப் பாத்துக்கிட்டு நின்னாரு. மேல பாத்தது நான். கிளை கழண்டு வரது எனக்குத் தெரிஞ்சுது. கூப்புட நேரம் இருந்துது. கூப்புட்டா கைய எடுத்துருவாரு, ஊரே பாக்குது, வூட்டு மானம் போயிரும்னு வாய மூடிக்கிட்டு நின்னன்."

அன்பு ரம்பத்தைத் தரையில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தான். அறிவழகன் அப்பாவைப் பார்த்தான். பிறகு பெரியம்மாவைப் பார்த்தான்.

சாலம்மாள் கல்லில் இருந்து எழுந்தாள்.

"மூனு வரைக்கும் எண்ணற நேரம் இருந்துதா தம்பி?"

"இருந்துதுங்க அண்ணி."

அவள் மரத்தின் உச்சியில் தொங்கும் கிளையைப் பார்த்தாள்.

"பன்னெண்டு வருசம் எங்கையால சோறு வாங்கித் தின்ன."

"ஆமாங்க."

"சரி. அத வூட்டுல பேசிக்கலாம்." மாதுவிடம் திரும்பினாள். "அண்ணா, அந்தாண்ட வாங்க. எம் புருசனப் பக்கத்துல நின்னு பாத்தீங்க இல்ல, அது போதும். இன்னொரு ஆளையும் அப்படிப் பாக்க வேணாம்."

சொல்லிவிட்டு அவள்தான் முதலில் நடந்தாள், சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி. மாது வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் போனார். பூபதி எல்லோருக்கும் பின்னால், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு.

அன்பு கிழக்குப் பக்கம் வாய் பிளந்தாற்போல் ஒரு துண்டு அறுத்து எடுத்தான். பிறகு பின்பக்கம் வந்து, மேற்கிலிருந்து அறுத்தான். பொக்கை இருந்த இடத்தில் ரம்பம் வெண்ணெயில் போவதுபோல் போனதும் வேகத்தைக் குறைத்தான். நடுவில் நான்கு விரல் அகலம் அறுக்காமல் விட்டு ரம்பத்தை வெளியே எடுத்தான். அறிவழகன் வெட்டில் இரண்டு ஆப்புகளைச் செருகினான். தீர்த்தகிரியோடு சேர்த்து மூன்று பேரும் மாறி மாறி மேலே பார்த்துக்கொண்டேதான் வேலை செய்தார்கள். ஒருவர் கை வேலை செய்யும்போது இன்னொருவர் கண் மேலே இருந்தது. பிறகு அன்புவும் அறிவழகனும் அந்தப் பெருக்கிய பாதையில் முன்னால் போய் நின்றார்கள்.

தீர்த்தகிரி தனியாக மரத்தோடு நின்றார். கோடாலியைத் திருப்பிப் பிடித்தார். பின்பக்கத்தால் ஆப்பை ஒரு தட்டு. இன்னொரு தட்டு. எல்லாமே மெதுவான தட்டு. மூன்றாவது தட்டுக்கு மரத்துக்குள் எங்கோ ஓர் எலும்பு முறிவதுபோல் கேட்டது.

இடது கை தானாக எழுந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஐந்து தலைமுறை பழக்கம், அந்தக் கைக்கு வேறு ஒன்றும் தெரியாது. பாதி வழி எழுந்து, மரத்தைத் தொடாமல், அந்தரத்தில் நின்றது. அவர் அதைக் கீழே இறக்கினார். கோடாலியைப் போட்டார். திரும்பி, தோளுக்கு மேலாக உச்சியைப் பார்த்துக்கொண்டே, வடமேற்கே நடந்தார்.

முதுகுக்குப் பின்னால் மரம் சாய்ந்தது. தரை அதிர்ந்து, புழுதி எழுந்து, தோட்டத்துக் காக்கைகள் எல்லாம் கிளம்பின. மோட்டார் கொட்டகையில் இருந்து ஜெயபிரியா கூப்பிட்டாள்: "மாமா?"

"ஒன்னுமில்லம்மா. எல்லாரும் இருக்கறோம்."

புழுதி அடங்கும்வரை யாரையும் கிட்டே போக விடவில்லை. அடங்கியது. அதற்குப் பிறகுதான் வேடிக்கை. மரம் சொன்ன இடத்தில் விழுந்திருந்தது. அடிமரம் எகிறவில்லை. தொங்கிய கிளை மரத்தோடு சேர்ந்து கிழக்கே போய் விழுந்து நொறுங்கியிருந்தது. கை கொடுத்து நிற்க வேண்டிய இடத்தில் ஒரு சுள்ளிகூட விழவில்லை. பெருக்கி வைத்த களம் மாதிரி இருந்தது.

பூபதி நேராகப் போய் அந்த இடத்தில் நின்றான். இடது கையை நீட்டி, இல்லாத மரத்தின் மேல் வைத்துக் காட்டினான்.

"பாருங்க மாமா. இங்கதான் நின்னிருப்பாரு. ஒரு குச்சி விழுந்துதா? ஒரு தூசி விழுந்துதா? நின்னிருந்தா அண்ணனுக்கு ஒன்னும் ஆயிருக்காது."

உண்மையைச் சொன்னால், ஒரு கிளையாவது அங்கே விழுந்திருக்கலாம் என்று தீர்த்தகிரியின் மனம் ஒரு நொடி ஆசைப்பட்டது. ஒரே ஒரு கிளை. அதைக் காட்டி எல்லோர் வாயையும் அடைத்திருக்கலாம். அப்படி ஆசைப்பட்டதற்கு அடுத்த நொடியே வெட்கப்பட்டார்.

"ஆமா பூபதி. ஆயிருக்காது."

"அப்பறம்?"

"அப்பறம் என்னா? கிளை விழுந்தாதான் நான் ஒதுங்கினது சரி, விழலன்னா தப்பா? விழுந்திருந்தாலும் இப்ப உங்கூட இப்படித்தான் நின்னு பேசிக்கிட்டிருப்பன். விழலன்னாலும் பேசிக்கிட்டிருக்கறன். உனக்கு என்னா கொறஞ்சு போச்சு?"

பூபதி மாதுவைப் பார்த்தான். மாது அடிமரத்தைப் பார்த்தார். நடுவில் அறுபடாமல் விட்ட இடத்தில் நார் பிய்ந்து நின்றது. "வெள்ளிக்கெழம பாத்துக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வரப்பில் ஏறிப் போனார்.

சத்தம் கேட்டு ஊர் ஓடிவந்தது அப்போதுதான். வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு கிளையைப் பிடித்து இழுக்கப் பார்த்தார்கள். அதற்கும் தீர்த்தகிரி விடவில்லை. விழுந்த மரம் செத்த பாம்பு இல்லை. அடியில் அழுந்தி வில்லாக வளைந்து கிடக்கும் கிளையை ஒரு பக்கம் அறுத்தால், மறுபக்கம் ஆளின் முகத்தில் அடிக்கும். ஒவ்வொரு கிளையும் எந்தப் பக்கம் துள்ளும் என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கம் நின்று அன்பு அறுத்தான். மதியத்துக்குள் முழம் முழமாகத் துண்டு போட்டு முடித்தார்கள். அறிவழகன் மினி லாரியில் அடுக்கினான்.

வியாழக்கிழமை சாலம்மாளும் தீர்த்தகிரியும் பேசிக்கொண்டார்கள். அவள் என்ன கேட்டாள், அவர் என்ன சொன்னார் என்பது வீட்டுக்குள் நடந்தது. வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை விடியும் நேரம். கோயில் முன்னால் குழி வெட்டியிருந்தது. பூசாரி முருகன் குழியின் நான்கு மூலையிலும் மஞ்சள் நீர் தெளித்துவிட்டு நின்றார். ஒரு பக்கம் தீர்த்தகிரி வீட்டு மினி லாரி. மறுபக்கம் பூபதியின் டிராக்டர், இன்ஜின் ஓடியபடி. நடுவில் ஊர்.

மாது குழி விளிம்பில் வந்து நின்றார். இரண்டு நாளில் அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. முறையும் கெடக்கூடாது, காளியன் வீட்டு உரிமையும் போகக்கூடாது, திருவிழாவில் அடிதடியும் ஆகக்கூடாது என்று யோசித்திருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கச் சொன்னார்:

"மேல்கொட்டாய் வூட்டுக் கட்டை, முறைப்படி கை குடுத்து அனுப்பின கட்டை, வந்து சேந்துருச்சு."

சொல்லிவிட்டுத் தீர்த்தகிரியைப் பார்த்தார். கண்ணால் ஒரு சின்ன ஜாடை. தீர்த்தகிரி சும்மா நின்றால் போதும். வாயை மூடிக்கொண்டு நிற்பது அவருக்குத் தெரியாத வேலையும் இல்லை.

"இல்லீங்க மாமா" என்றார் தீர்த்தகிரி. "கை குடுக்கல. நான் கைய வெக்கவே இல்ல. எல்லாருக்கும் தெரியட்டும்."

கூட்டம் சலசலத்தது. மாது நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "உனக்கு வாயில சனி மாப்ள" என்று முணுமுணுத்தார்.

"அப்ப எங்க வண்டி முன்னால வரட்டும்" என்றான் பூபதி.

"வரட்டும்" என்றார் தீர்த்தகிரி. "அது எந்த மரம்?"

"எங்க நெலத்து வேம்பு. பட்ட வேம்பு. சொந்த மரம்தான்."

"அதுக்கு யாரு கை குடுத்தது?"

பூபதி வாயைத் திறந்தான். "மிஷின்ல அறுத்தது அண்ணா. அது... மொதல் கட்டையா போவும்னு அப்ப தெரியாது இல்ல."

"அது சாயறப்ப நீ எங்க நின்ன?"

பூபதி டிராக்டர் சக்கரத்தைப் பார்த்தான். டிராக்டர் சீட்டில் உட்கார்ந்திருந்த டிரைவர், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது மரியாதை என்று நினைத்தானோ என்னவோ, சொன்னான்: "அந்தாண்ட வரப்பு மேல டீ குடிச்சிக்கிட்டிருந்தாருங்க."

குழியைச் சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பூசாரி முருகன்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். பூபதி டிரைவரைப் பார்த்த பார்வையில் இன்ஜின் அணைந்தது.

"அப்ப இந்த ஊர்ல கை குடுத்த கட்டையே இல்ல" என்றார் மாது, யாரிடம் என்றில்லாமல். "இப்ப நான் என்னா செய்யறது?"

வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. அப்போது சாலம்மாள் மினி லாரிக்குப் பின்னால் போனாள். ஒரு புளியங்கட்டையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். கூட்டம் தானாக வழிவிட்டது. புருசன் இல்லாதவள் முதல் கட்டை இறக்கி அந்த ஊர் பார்த்ததில்லை. குழி விளிம்பில் நின்ற ஒரு பெரியவர், "சாலம்மா, நீ..." என்று ஆரம்பித்தார்.

"நான்தான்" என்றாள். "எங்க வூட்டுக் கை ஒன்ன முழுசா ஆளோட குடுத்தாச்சு. பன்னெண்டு வருசம் ஆச்சு. ஆத்தாளுக்கு அது போதும். போதலன்னா அவ எங்கிட்ட வந்து கேக்கட்டும், உங்ககிட்ட இல்ல. இனிமே எங்க வூட்டுல ஒருத்தனும் மரத்துல கை வெச்சுக்கிட்டு நிக்க மாட்டான்."

குழிக்குள் இறங்கினாள். கட்டையை நடுவில் வைத்தாள். ஏறுவதற்கு ஜெயபிரியா கை நீட்டினாள். அதைப் பிடிக்காமலே ஏறி வந்தாள்.

பூசாரி முருகன் மாதுவைப் பார்த்தார். மாது கிழக்கைப் பார்த்தார். பிறகு, "நேரம் ஆவுது, கற்பூரத்த ஏத்து" என்றார்.

அறிவழகன் மினி லாரியின் பின்கதவைத் திறந்தான். தீர்த்தகிரியும் மகனும் அன்புவும் கட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். அவை முடிந்த பிறகு பூபதியின் வேம்பு இறங்கியது, இரண்டாவதாக. அன்று நூற்று நாற்பது பேர் தீ மிதித்தார்கள். ஒருவர் காலும் வெந்து போகவில்லை.

இப்போது ஒரு பேச்சு பொம்மிடி வரைக்கும் போயிருக்கிறது. தீர்த்தகிரி அன்று குழிக்கரையில் சொன்னது அடக்கத்துக்காகச் சொன்னதாம். உண்மையில் மரம் தானாக விட்டுப் போகும்வரை உள்ளங்கையை எடுக்கவே இல்லையாம். அண்ணனைப் போலவே தம்பியும் கையெடுக்காத மனுசனாம். அதனால்தான் ஒருவர் காலும் வேகவில்லையாம். குடும்பத்துக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்துக்கொண்டு சொல்கிறார்கள். அது பொய். அந்தப் பெருமை அந்த வீட்டுக்கு வேண்டாம். மரம் தரையில் விழுந்தபோது தீர்த்தகிரி அடிமரத்துக்கு வடமேற்கே இருபத்தைந்து அடி தள்ளி, இரண்டு கைகளையும் தொங்கவிட்டு நின்றுகொண்டிருந்தார்.